மூளைக்குத் துத்தநாகம் ஊட்டுபவர்

எதையும் பாதி வரை படித்துவிட்டு, மீதியைப் பிறர் உடம்பில் சோதித்துப் பார்க்கும் அறிஞர் இனம் ஒன்று உண்டு. தேடி அலைய வேண்டாம். நீங்கள் சும்மா ஒரு தும்மல் போடுங்கள், பக்கத்து நாற்காலியிலிருந்து தலையை நீட்டும்.

நம்மவர் கூரியர் அலுவலக மேற்பார்வையாளர். மூளைக்குத் துத்தநாகம், அதாவது ஜிங்க், அவசியம் என்று ஒரு கட்டுரையில் படித்தார். உண்மைதான். அந்த வரியோடு படிப்பை நிறுத்தி, செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்கு நடையைக் கட்டினார். அன்றிலிருந்து, பார்சலை மாற்றி அனுப்பிய ஊழியருக்கும், சாவியைத் தொலைத்த மாடிவீட்டுக்காரருக்கும், இவர் சொன்ன நகைச்சுவைக்குச் சிரிக்காத மைத்துனருக்கும் ஒரே நோய், ஒரே மருந்து. "எல்லாம் ஜிங்க் கம்மிங்க" என்பார். அலுவலகத்தில் 'ஜிங்க் சார்' என்று பெயர் வைத்தார்கள். மனிதர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

மற்றவர்கள் மாத்திரையை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பிழைத்தார்கள். கட்டிய மனைவி எங்கே ஓடுவார்? வீட்டில் மெஷின் போட்டுத் துணி தைப்பவர் அவர். ஒரு சட்டைக்குப் பொத்தான் வைக்க மறந்தார். தினம் இரண்டு மாத்திரை ஆயிற்று. கத்தரிக்கோலை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடினார், நான்காயிற்று. ஒன்றரை ஆண்டு விழுங்கினார். பிறகு ஒரு காலையில் பெடலில் கால் வைத்தால், பெடல் இருப்பதே தெரியவில்லை. குனிந்து பார்த்துப் பார்த்துத்தான் மிதிக்க வேண்டியிருந்தது.

"ஏங்க, பாதம் ரெண்டும் மரத்துக் கெடக்கு. மெஷின மிதிக்க முடியல."

"நான்தான் சொன்னேனே. உனக்கு இன்னும் ஜிங்க் பத்தல."

ஐந்தாயிற்று. குரலில் எவ்வளவு அன்பு தெரியுமா? இந்த இனத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வருவதே அந்த அன்புதான்.

அந்த அம்மாள் தடுக்கி விழுந்த பிறகே இருவரும் டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார்.

"ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு. எவ்வளவு ஜிங்க் வேணுமோ அவ்வளவுதான் உள்ள விடும், மிஞ்சினா வெளிய தள்ளிடும். நீங்க கொட்டிக் கொட்டிக் கொடுத்தாலும் மூளை வாங்காது. ஆனா அவ்வளவு ஜிங்கும் செம்புச் சத்த உடம்புல சேர விடாம பண்ணியிருக்கு. அதுல நரம்பு கெட்டுப்போச்சு."

கட்டுரையின் மறுபாதியும் இதைத்தான் சொன்னது.

"கால் பழையபடி ஆகுமா டாக்டர்?" என்றார் மனைவி.

"மாத்திரைய இன்னிக்கே நிறுத்துங்க. போன உணர்ச்சி முழுசா திரும்பும்னு சொல்ல முடியாதும்மா."

இந்த இடத்தில் ஒரு மனிதர் தலையையாவது குனிய வேண்டாமா? நம்மவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "அப்ப செம்புக்கு எத்தன மாத்திரை போடலாம் டாக்டர்?"

மனைவி தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவரை நினைத்தால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வருகிறது, இல்லையா? நல்லது. நாளைக்கே ஒருவர் உங்களிடம் வந்து, கால் மரத்துப்போகிறது என்பார். துத்தநாகத்தைப் பற்றி இந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்திருக்கும் நீங்கள், "செம்பு கம்மியா இருக்கும்" என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பீர்களா?