ரெத்தினம் தனியாகத் திருப்பிய படகு

ஜாக்கி சரிந்தது. கவிழ்த்து வைத்திருந்த மரப்படகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தது. முட்டுக்கட்டை வைக்க அடியில் புகுந்திருந்த ரெத்தினம், பஞ்சாரத்துக்குள் அடைபட்ட கோழியாக மாட்டிக்கொண்டார்.

அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி அம்சத்தைக் கடலில் ஒரு சுற்று அழைத்துப் போக வேண்டும் என்று, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் தன் தென்னந்தோப்பிலேயே இந்தப் படகைக் கட்டிக்கொண்டிருந்தார். வேறு யார் கையும் படக் கூடாது என்பது வைராக்கியம். அடிப்பக்கம் பலகை அடித்தாகிவிட்டது. நிமிர்த்துவதுதான் பாக்கி.

அம்சம் டீயோடு வந்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"உள்ள."

"படகுன்னா மேலதான உட்காருவாங்க?"

"வேலை நடக்குது. நீ போ."

விளிம்பு வளைந்திருந்ததால் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. டம்ளர் அதன் வழியாக உள்ளே போனது.

"ஜெக்கரியாவக் கூப்பிடவா? பக்கத்துத் தோப்புலதான் இருக்காரு."

"யாரும் வேணாம். பஸ்ஸையே தூக்கி டயர் மாத்துனவன் நான்."

குனிந்து முதுகைக் கொடுத்து முட்டினார். படகு கொஞ்சம் எழும்பியது. கால் வழுக்கியது. படகு திரும்ப இறங்கியபோது, விளிம்புக்கடியில் கிடந்த ஜாக்கியையும் மணலுக்குள் அழுத்திவிட்டது.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல."

நடுவில் தோண்டி வெளியேறப் பார்த்தார். தென்னை வேர் விடவில்லை. முனைப் பக்கம் மணல் இளக்கமாக இருந்தது. டம்ளரால் அள்ளி அள்ளிப் போட்டார். படகின் முனை நிதானமாக அந்தக் குழிக்குள் இறங்கியது. ஒரு சாண் இடைவெளி நாலு விரல் ஆனது.

வெளியே நீண்டிருந்த அவர் விரல்களை அம்சம் பிடித்துக்கொண்டாள்.

"வேர்த்திருக்கே. கூப்பிடட்டுமா?"

ரெத்தினம் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னேன்னு சொல்லாத. நீயா கூப்பிடுற மாதிரி கூப்பிடு."

அவள் விரல்களை விடாமல், எழுந்துகூட நிற்காமல், சாதாரணக் குரலில், "தம்பி ஜெக்கரியா" என்றாள்.

அடுத்த நிமிடம் படகைச் சுற்றிலும் கால்கள். எட்டுப் பேர் தூக்கி, புரட்டி, பூப்போல முட்டுக்கட்டைகளின் மேல் நிமிர்த்தி வைத்தார்கள். கீறல்கூட விழவில்லை.

ரெத்தினம் தலையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒரு குரலுக்கு எப்படிய்யா இத்தனை பேரு வந்தீங்க?"

ஜெக்கரியா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"காலையிலேருந்து வேலிக்கு அந்தாண்டதாண்ணே உட்கார்ந்திருக்கோம். 'நாளைக்கு அவரு தனியா படகத் திருப்பப் போறாரு, எட்டுப் பேரு வந்துருங்க'ன்னு அக்கா நேத்தே சொல்லிட்டாங்க."