நான் இடியன் வாங்கின கதை

இந்த நொவெம்பர் முடியிறதுக்குள்ளை ஒரு மானைச் சுட்டு விழுத்தாட்டி என்ரை பேர் தவசீலன் இல்லை. இப்பிடி ஒரு சபதம் எடுத்தன். எடுத்த இடம், ஒரு பிரெஞ்சு உணவகத்தின்ரை நிலக்கீழ் குசினி. எடுத்த நேரம், அடிப்பிடிச்ச சட்டி ஒண்டைச் சுரண்டிக்கொண்டு நிக்கேக்கை. பதினாறு வருசமா அந்தத் தொட்டிக்கு முன்னாலைதான் நிக்கிறன். சட்டி, கோப்பை, கரண்டி எல்லாம் என்னைக் கண்டா நடுங்கும். வேறை ஒருத்தரும் நடுங்கிறேல்லை. வீட்டிலை கேக்கவே வேண்டாம்.

எல்லாத்துக்கும் காரணம் லூடோவிக். எங்கடை குசினிக்குப் பெரியவன். கிழமை முழுக்க எங்களைத் திட்டுவான். ஞாயிறு துவக்கைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவான். ஒருநாள் மான் இறைச்சியை வெட்டிக்கொண்டு தன்ரை வேட்டைப் புழுகைத் தொடங்கினான். எனக்கு வாய் சும்மா இருக்கேல்லை.

"எங்கடை வன்னியிலை எல்லாரும் வேட்டைக்காரர்தான். இடியன் வைச்சிருப்பம்."

"அதென்ன இடியன்?"

"துவக்கு. குழல் வாயுக்குள்ளை வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியாலை இடிச்சு இறுக்கிப்போட்டுச் சுடுறது."

அவன் கத்தியைக் கீழை வைச்சான். "அது இஞ்சையும் இருக்கு. விலையும் மலிவு. நீ சுட்டிருக்கிறியோ?"

"கணக்கு வழக்கில்லை."

உண்மையைச் சொன்னா, என்ரை அப்பா தபால்காரன். நான் கையாலை பிடிச்ச ஒரே துவக்கு, தேர்த்திருவிழாக் கடையிலை வாங்கின பொட்டுவெடித் துவக்கு. அதையும் ரெண்டாம் நாள் தண்ணிக்கை போட்டுட்டன். ஆனா லூடோவிக் தோளிலை கை போட்டு, "வேட்டைப் பெர்மியை எடு, என்ரை மாமாவின்ரை காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறன்" எண்டான். பதினாறு வருசத்திலை அவன் என்ரை தோளிலை கை போட்டது அண்டைக்குத்தான். நான் விழுந்திட்டன்.

பெர்மி எண்டா வேட்டை அனுமதிப் பத்திரம். அதின்ரை சோதினையை ரெண்டாம் தரம் எழுதித்தான் பாஸ் பண்ணினன். அதிலை ஒரு கேள்வி நல்லா ஞாபகம். முழு மிருகத்தையும் கண்ணாலை காணாமல் விசையிலை விரல் வைக்கலாமோ? கூடாது எண்டு எழுதினன். முழுப் புள்ளி.

பாஸ் பண்ணின கையோடை, ரூ பிலிப்-து-ஜிரார் தெருவிலை கடை வைச்சிருக்கிற புண்ணியமூர்த்தி அண்ணையிட்டை வாயை விட்டன். அவரிட்டைச் சொன்னா வானொலியிலை சொன்ன மாதிரி. பின்னேரத்துக்குள்ளை மான் பங்கு போட்டாச்சு. பொண்டியிலை இருக்கிற எங்கடை சனத்துக்கு நாலு பங்கு, லெ பிளாங்-மெனிலிலை இருக்கிறவைக்கு ஆறு பங்கு. ஈரல் தனக்கு எண்டு அண்ணை எழுதி வைச்சிட்டார். மான் இன்னும் காட்டிலை புல்லுத் தின்னுது.

மனுசிக்குச் சொல்லுற வேலை மட்டும்தான் மிச்சம்.

என்ரை மனுசி வசந்தரூபி. ரூபி எண்டு கூப்பிடுறது. கந்தோர் துப்புரவு வேலை. குரலை உயர்த்தமாட்டாள். உயர்த்தினா நான் தப்பியிருப்பன்.

"இஞ்சாரும் ரூபி, நான் ஒரு துவக்கு வாங்கலாமெண்டு இருக்கிறன்."

அவள் வெங்காயம் வெட்டிறதை நிப்பாட்டேல்லை. "ஆரைச் சுட?"

"மான் சுட."

"இஞ்சாருங்கோ, துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனான் எண்டு பன்னிரண்டு பக்கம் எழுதிக் குடுத்துத்தானே அகதிக் காட் எடுத்தனீங்கள்?"

"ஓம்."

"இப்ப அதே ஆக்களிட்டைப் போய் துவக்கு வைச்சிருக்க விடுங்கோ எண்டு கேப்பியளோ?"

"அது வேறை துவக்கு, இது வேறை துவக்கு. இது இடியன்."

வெட்டிறது நிண்டுது. நான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. தெரிஞ்சுகொண்டு சொன்னன், மடையன்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தவன். உதயன். இருபது வயசு. மாங்குளத்துப் பக்கம் காட்டுக்கரையிலை விறகு கட்டக் குனிஞ்சவன். பத்தைக்கு அங்காலை நிண்டவர் மரை எண்டு நினைச்சு இடியனாலை வைச்சிட்டார். சுட்டது எதிரியில்லை. ரூபியின்ரை அப்பாவோடை ஒண்டா வேட்டைக்குப் போற மனுசன். உதயனைத் தன்ரை தோளிலை சுமந்துகொண்டு வந்து முத்தத்திலை கிடத்தினவர். செத்தவீட்டுக்கு வந்த ஆக்கள் எல்லாம் போன பிறகும் அவர் போகேல்லையாம். படலையடியிலை மூண்டு நாள் குந்தியிருந்தவராம். அதுக்குப் பிறகு அவர் ஒரு பிடி சோறு ஒழுங்காத் தின்னேல்லை எண்டு ரூபி சொல்லுவாள். ரெண்டு செத்தவீடு எண்டுதான் அவள் அதைச் சொல்லுறது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேட்டன். லூடோவிக் தோளிலை கை போட்டிட்டானே!

"ரூபி, இது பிரான்ஸ். எல்லாரும் செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டுதான் காட்டுக்கை போறது. சட்டம்."

"காட்டுக்குத் தெரியுமோ சட்டம்?"

மூண்டு நாள் கதையில்லை. சோறு வந்தது, கறி வந்தது, கதை வரேல்லை. நாலாம் நாள் அவளே வாயைத் திறந்தாள்.

"வாங்கத்தான் போறியளோ?"

"ஓம். எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். இப்ப விட்டா மானம் போயிடும்."

"அப்ப நானும் கடைக்கு வாறன். மலிவெண்டு கண்டதையும் தூக்கிக்கொண்டு வருவியள்."

மனுசி இறங்கி வந்திட்டாள்! கலியாணம் கட்டி இத்தனை வருசத்திலை எனக்கு முதல் வெற்றி. உள்ளுக்குள்ளை ஆடினன்.

லூடோவிக் எனக்கு ஒரு பாடம் சொல்லித் தந்திருந்தான். முதல் குழலின்ரை உள்ளைப் பார். பிறகு விசையைப் பார். வடிவைக் கடைசியாப் பார். கடைக்குப் போற வழியிலை இதைப் பெருமையா ரூபிக்குச் சொன்னன்.

"என்னைப் பொம்பிளை பார்க்க வரேக்கை நீங்கள் கடைசியைத்தான் முதல் பார்த்தனீங்கள்," எண்டாள்.

துவக்குக் கடையிலை மாக்சிம் எண்டொரு பெடியன் விற்பனைக்கு நிண்டான். முதல் ஒரு கல்லுத் துவக்கை எடுத்தான். கல்லு உரசித் தீப்பொறி பறக்கும். என்ரை நெஞ்சு உயரம், பித்தளை வேலைப்பாடு. தூக்கினவுடனை நான் ஒரு ராசா.

"மழை பெஞ்சா?" ரூபி கேட்டாள்.

"மழையெண்டா தீப் பத்தாது மேடம். கொஞ்சம் கஷ்டம்."

"இந்த நாட்டிலை நொவெம்பரிலை மழை பெய்யாத நாள் எது?"

ராசா துவக்கைத் திருப்பிக் குடுத்தார்.

அடுத்தது புதுச் சாமான். கறுத்தப் பிளாஸ்டிக் பிடி, மேலை தூரக்கண்ணாடி, பின்பக்கத்தைக் கழட்டிக் கழுவலாம். விலைத்துண்டைப் பார்த்தன். அப்பிடியே மெதுவாக் கீழை வைச்சன்.

மூண்டாவது ஒரு பழைய துவக்கு. செப்புத் தொப்பி மாட்டி, குதிரை வந்து தட்டினா வெடிக்கிற வகை. எங்கடை இடியனே தான். மரப்பிடி மினுமினுங்குது, விலை கைக்கு அடக்கம். "இதுதான் ரூபி!" எண்டு கட்டிப் பிடிச்சன். அவள் கைபேசி வெளிச்சத்தைக் குழல் வாயுக்குள்ளை அடிச்சுப் பார்த்தாள். பிறகு சின்னிவிரலை உள்ளுக்கு விட்டு எடுத்துக் காட்டினாள். விரல் சிவப்பு.

"கறள். வெளியிலை மினுக்கி வைச்சிருக்கினம், உள்ளுக்குக் குழி. ஒருநாள் இது உங்கடை முகத்திலை வெடிக்கும்."

மாக்சிமின்ரை முகமும் சிவந்து போச்சு.

ரூபி குனிஞ்சு கீழ்த்தட்டிலை கிடந்த இன்னொண்டை எடுத்தாள். பிடி முழுக்கக் கீறல். ஆரும் திரும்பிப் பார்க்காத துவக்கு. குழலைப் பார்த்தாள், கண்ணாடி. குதிரையைப் பாதி இழுத்து நிப்பாட்டி, விசையை அமத்திப் பார்த்தாள். குதிரை அசையேல்லை.

"பாதி இழுவையிலை நழுவாமல் நிக்கோணும். நழுவினா ஆக்கள் சாவினம். இது நிக்குது. இந்தக் குழல் மானுக்குக் காணும். விலையும் குறைவு. இதை எடுங்கோ."

மாக்சிம் மரியாதையாக் கேட்டான். "மேடம் வேட்டைக்காரியோ?"

"என்ரை அப்பா," எண்டாள் ரூபி.

வீட்டுக்கு வந்த உடனை சட்டம் போட்டாள். துவக்கு அலுமாரிக்குள்ளை பூட்டிக் கிடக்கும். திறப்பு அவளின்ரை தாலிக்கொடியிலை, ஊசிகளோடை சேர்ந்து தொங்கும். மருந்து அவளின்ரை பொறுப்பு.

"ஒரு சிட்டிகை கூடினாலும் ஆபத்து. உங்கடை கை நடுங்கும். நான் அளந்து குழாயளிலை அடைச்சுத் தாறன். காட்டிலை ஒண்டை எடுத்துக் கொட்டிறதுதான் உங்கடை வேலை."

எவ்வளவு நல்ல மனுசி! சூடு பழகப் போன நாளுகளிலை லூடோவிக் தன்ரை மருந்தைத் தந்தான். வேட்டைக்கு எண்டு ரூபி அஞ்சு பிளாஸ்டிக் குழாய் அடைச்சு, மூடி இறுக்கி, தோள்பைக்குள்ளை வைச்சாள். அந்தக் கிழமை எனக்குச் சரியான தடிமன். மூக்கு முழுக்க அடைப்பு. குசினிக்குள்ளை எதையோ கறுக்க வறுத்து இடிச்சுக்கொண்டிருந்தாள். கண் எரிஞ்சுது.

"என்ன வறுக்கிறீர்?"

"தடிமனுக்கு மிளகு."

எனக்காகத்தான் வறுக்கிறாள் எண்டு நினைச்சுக் கண் கலங்கினன். எரிவிலை பாதி, பாசத்திலை பாதி.

ஞாயிற்றுக்கிழமை காலமை காட்டிலை நல்ல புகார், கண் தெரியாத மூடுபனி. லூடோவிக் என்னை ஒரு மரத்தடியிலை நிப்பாட்டினான். "அசையாதை. நான் அங்காலை நிக்கிறன்" எண்டு போயிட்டான். நான் ஒரு குழாய் மருந்தைக் கொட்டினன், குண்டைப் போட்டு இடிச்சன், செப்புத் தொப்பியை மாட்டினன். ஒரு மணித்தியாலம். ரெண்டு மணித்தியாலம். கால் விறைச்சுப் போச்சு. பொண்டி நாலு பங்கும், லெ பிளாங்-மெனில் ஆறு பங்கும், புண்ணியமூர்த்தி அண்ணையின்ரை ஈரலும் கண்ணுக்கு முன்னாலை நிண்டுது.

பத்தைக்குள்ளை ஏதோ அசைஞ்சுது. மண்ணிறம். குனிஞ்சு மேயுது. முதுகு மட்டும் தெரியுது.

தலை தெரியேல்லை. கால் தெரியேல்லை. சோதினையிலை முழுப் புள்ளி எடுத்த கேள்வி இதுதான். ஆனா தோளிலை ஒரு கை கிடக்கிற மாதிரி இருந்தது. குதிரையை முழுக்க இழுத்தன். முதுகுக்குக் கொஞ்சம் கீழை குறி வைச்சன். விசையை அமத்தினன்.

டப்.

தொப்பி மட்டும் வெடிச்சுது. துவக்கு வெடிக்கேல்லை.

பத்தைக்குள்ளை இருந்து மண்ணிறக் கோட்டுப் போட்ட ஒரு கிழவி நிமிர்ந்தாள். கையிலை ஒரு கூடை. கூடைக்குள்ளை காளான்.

"போன்ஜூர் முசியே," எண்டாள்.

துவக்கை நிலத்துக்குத் திருப்பினன். நான் திருப்பேல்லை, கை தானாத் திரும்பிச்சுது.

"போன்ஜூர் மேடம்."

"உங்கடை பக்கம் காளான் இருக்கோ?"

"இல்லை மேடம்."

"இந்த வருசம் குறைவுதான்," எண்டு சொல்லி, கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் புகாருக்குள்ளை நடந்து போனாள். நான் மரத்தடியிலை குந்தினன். படலையடியிலை மூண்டு நாள் குந்தியிருந்த அந்த மனுசனை நான் கண்டதில்லை. அண்டைக்கு அவருக்குப் பக்கத்திலை இருந்தன்.

பேந்து லூடோவிக் வந்தான். துவக்கு வெடிக்கேல்லை எண்டு மட்டும் சொன்னன். கவனமாக் குண்டை எடுத்து, உள்ளை கிடந்ததைக் கையிலை கொட்டினான். மணந்தான். நாக்கிலை வைச்சான்.

"போய்வ்ர்! தவா, இது மிளகு!"

மற்றக் குழாயைத் திறந்தான். மிளகு. எல்லாம் மிளகு. கறுக்க வறுத்து, பருவட்டா இடிச்ச மிளகு. அவன் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சான். இதைக் குசினியிலை பத்து வருசத்துக்குச் சொல்லுவன் எண்டான். நானும் சிரிச்சன்.

வழி முழுக்க ஒத்திகை பார்த்தன். என்னடி நினைச்சாய்? மருந்துக்குப் பதிலா மிளகோ? நாலு பேருக்கு முன்னாலை என்னைக் கோமாளி ஆக்கிப்போட்டியே! இப்பிடிக் கேக்கிறது. கதவை அடிச்சுச் சாத்திறது. மனுசன் எண்டா ஆர் எண்டு காட்டிறது.

கதவைத் திறந்தாள். முதல் என்ரை கையைத்தான் பார்த்தாள். ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒண்டும் இல்லை எண்ட பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

"மான் விழுந்ததோ?"

வாய் திறந்தன். கத்திறதெண்டா நடந்ததைச் சொல்லோணும். நடந்ததைச் சொன்னா அந்தக் கிழவியையும் சொல்லோணும். அதைச் சொல்லிப்போட்டு உதயனின்ரை அக்காவுக்கு முன்னாலை எப்பிடி நிக்கிறது? உங்களுக்குத்தான் முதல் முதல் சொல்லுறன்.

"இல்லை. தப்பீட்டுது."

"மருந்து நனைஞ்சு போச்சோ?"

"ஓம். நனைஞ்சு போச்சு."

"புகார்தானே. நனையும்."

ஜன்னலடியிலை அவளின்ரை கறிவேப்பிலைக் கண்டு ஒரு சாடியிலை நிண்டுது. ரெண்டு வருசமாச் சாகக் கிடந்த கண்டு. அடிமண் கன்னங்கரேல். மேலை புதுத் துளிர். என்ரை மருந்து எங்கை போனதெண்டு விளங்கிச்சுது.

"ரூபி, உந்தத் துவக்கை வித்துப்போடுவம்."

"ஏன்? நல்ல துவக்கு. உங்கடை முகத்திலை வெடிக்கக் கூடாதெண்டுதானே நான் கடைக்கு வந்தனான்."

மற்ற ஆக்களின்ரை முகத்துக்கு அவள் என்ன செய்தவள் எண்டு நான் கேக்கேல்லை. கதிரையிலை இருந்தன். கண்ணாலை தண்ணி வந்தது. தடிமன் எண்டு சொல்லித் துடைச்சன்.

அடுப்பிலை ரசம் கொதிச்சுது. அவள் கரண்டியாலை கொஞ்சம் எடுத்து ருசி பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"காரம் காணாது. இஞ்சாருங்கோ, அந்தக் குழாயளிலை மிச்சம் இருந்தாக் கொண்டு வாங்கோ."