டிகிரியார் வீட்டு மதர்போர்டு

கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களில் இரண்டு இனம் உண்டு. வேலை செய்ய வாங்குகிறவர்கள் ஓர் இனம். அது வேலை செய்யுமா என்று பார்ப்பதற்காகவே வாங்குகிறவர்கள் இன்னோர் இனம். நம் டிகிரியார் இரண்டாவது இனத்தின் திலகம். டிகிரி என்பது அவர் படித்து வாங்கிய பட்டமல்ல, "இப்ப முப்பத்தெட்டு டிகிரிதான்!" என்று தன் கம்ப்யூட்டரின் சூட்டை ஊரெல்லாம் ஒப்பித்து, ஆபீசில் சம்பாதித்த பட்டம்.

விலையைக் கேட்டால் மூச்சு முட்டும் மதர்போர்டு ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியது. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, உடம்பில் மின்சாரம் தேங்கியிருக்குமே என்று ஜன்னல் கம்பியைத் தொட்டுத் தொட்டு வந்து, பிராசசரைப் பச்சைக் குழந்தையைப் போல் அதன் குழிக்குள் கிடத்தி, ராம் 'க்ளிக்' என்று உட்கார்ந்த சத்தத்தில் மெய்சிலிர்த்து, பொத்தானை அமுக்கினார். ஃபேன் சுற்றியது. திரை இருட்டு.

"முதல் தடவை அப்படித்தான் கொஞ்சம் நேரமாகும்," என்றார், யாரும் கேட்காமலேயே. திரை பளிச்சென்று விழித்ததும் ஒரு குதி குதித்தார் பாருங்கள், கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார்.

மாமியார் எட்டிப் பார்த்தார்.

"இது என்னவெல்லாம் பண்ணும், மாப்பிள்ளை?"

"எது வேணும்னாலும் பண்ணும், அத்தை!"

"இப்ப என்ன பண்ணுது?"

"சூடாகுது."

எவ்வளவு சூடு ஏறும், ஏறினாலும் தாங்குமா என்று அன்று தொடங்கிய சோதனை வாரம் முழுக்க ஓடியது. மனைவி வீடுகளுக்கு பிளான் போடுகிறவர். அவருடைய பழைய கம்ப்யூட்டர் வெள்ளிக்கிழமை காலை மண்டையைப் போட்டது.

"என்னங்க, சாயங்காலத்துக்குள்ள பிளான் போகலைன்னா இந்த வேலை வேற ஆளுக்குப் போயிடும்."

"ஐயையோ, டெஸ்ட் ஓடுது! மவுஸைக்கூடத் தொடாதே!"

தொட்டார். டிகிரியார் குளிக்கப் போனதும் (அவர் குளியலும் ஒரு சோதனைதான், சீக்கிரம் முடியாது) டெஸ்ட்டை நிறுத்தி, பென்டிரைவைச் செருகி, மூன்று மாடி வீட்டை வெயில், நிழல், ஜன்னல் கண்ணாடி சகிதம் திரையில் எழுப்பத் தொடங்கினார்.

ஈரத்தலையோடு ஓடிவந்த டிகிரியார் கத்துவதற்கு வாயைத் திறந்தார். கண் திரையின் மூலையில் ஓடும் டிகிரிக் கணக்குக்குப் போயிற்று. திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"எழுபத்தொண்ணு! எந்த டெஸ்ட்லயும் இவ்வளவு ஏறலையே! என்ன பண்ணினே நீ?"

"வேலை பண்ணினேன்."

"நிறுத்தாதே! இன்னும் ரெண்டு மாடி கட்டு!"

"மூணுக்குத்தாங்க அனுமதி!"

மாலைக்குள் பிளான் போய்ச் சேர்ந்தது, வேலையும் கைநழுவவில்லை. டிகிரியாரோ ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு அன்று முழுக்க மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, வாசல் கதவு வைக்கும்போது எத்தனை, மொட்டைமாடி போடும்போது எத்தனை என்று டிகிரி வாசித்துப் பூரித்துக்கொண்டிருந்தார். வேலை என்று ஒன்று இருப்பதை இத்தனை நாள் யாரும் அவரிடம் சொல்லவே இல்லையாம்!

சிரிக்கிறீர்களா? தாராளமாக. ஆனால் போன மாதம் வாங்கினீர்களே ஒரு புதுப் போன், அதில் செட்டிங்ஸைத் தவிர இதுவரை எதைத் திறந்திருக்கிறீர்கள்? இதைப் படிக்கும்போதே எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்க்கலாமா என்று விரல் துறுதுறுக்கிறதே, அந்த விரலைக் கொஞ்சம் கவனியுங்கள்.