ஆணியில் தொங்கும் கிளாஸ்

அன்புள்ள கோபி அண்ணனுக்கு இளமதி எழுதுவது.

இந்த அகாலத்தில் உங்கள் போனை அலறவைப்பதற்கு முதலில் மன்னியுங்கள். கூப்பிட்டுப் பேசினால் கூடத்தில் படுத்திருக்கும் என் மாமனார் காதில் விழும். திருச்சியில் நீங்களும் அண்ணியும் நலந்தானே? கறம்பக்குடியில் அனைவரும் நலம், நாளை பள்ளி விழா தொடங்கும் வரைக்கும்.

எல்லாம் நீங்கள் மகிழாவுக்கு எழுதிக் கொடுத்த பேச்சால் வந்தது. வக்கீல் மாமா எழுதியதாயிற்றே என்று என் மகள் அதை வீடு முழுக்க முழங்கினாள். தீண்டாமையை ஒழித்த அரசியல் சாசனம், ஐம்பத்தைந்தில் தண்டனைச் சட்டம், எழுபத்தாறில் அது கடுமையானது, எண்பத்தொன்பதில் வன்கொடுமைச் சட்டம், பிறகு அதுவும் விரிந்தது, எல்லாம் மூச்சுவிடாமல். பள்ளிக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்ததால் விழாவுக்குத் தலைமை என் மாமனார்தான். பேத்தி பேசப் பேச மீசையைத் தடவிக்கொண்டார். நேற்று சாயங்காலம் வரைக்கும். காலனியிலிருந்து எங்கள் வயல் வேலைக்கு வரும் மலையாண்டி, மாட்டுக் கொட்டகை ஆணியில் தனக்கென்றே தொங்கும் கிளாஸை எடுத்துக் கழுவி நீட்ட, நான் படாமல் மேலிருந்து டீ ஊற்றினேன். அவர் வாயில் வைத்ததுதான் தாமதம், "தாத்தா, இந்தக் கிளாஸு எந்த வருசத்துச் சட்டத்துல வரும்?" என்று கேட்டாளே பார்க்கணும்! மலையாண்டிக்குப் புரையேறிவிட்டது. மாமனார் கோபப்படவில்லை அண்ணா, கோபப்பட்டிருந்தால்கூட நான் தூங்கியிருப்பேன். நிதானமாக விளக்கினார்: "நாங்க மட்டும் மாறலையா ஆத்தா? எங்கப்பா காலத்துல செரட்டை, எங் காலத்துல அலுமினியம், இப்ப சில்வர். சட்டம் மாற மாற நாங்களும் மாத்திக்கிட்டுத்தான வாரோம்!"

"ஆணி மாறலையே தாத்தா? நாளன்னைக்கி மைக்குல கேக்குறேன்."

கேட்டுவிட்டால்? ஊற்றச் சொன்னவருக்கா அண்ணா, ஊற்றியவளுக்கா தண்டனை? ஊற்றுவது எம்.ஏ. வரலாறு படித்த இந்தக் கை. சவுதியில் இருக்கும் உங்கள் மாப்பிள்ளையோ, "மரம் வளக்குறதப் பத்திப் பேசச் சொல்லு, எவனும் சண்டைக்கு வரமாட்டான்" என்கிறார். ஆகவே விடிவதற்குள் மரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அதில் சட்டம், வருடம், கிளாஸ் எதுவும் வரக்கூடாது.

அண்ணிக்கு என் அன்பு. குட்டிகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

நடுக்கத்துடன்,
உங்கள் தங்கை இளமதி

பி.கு.: மரம் வேண்டாம். மகிழாவின் பள்ளிப் பையைத் திறந்து பார்த்தேன். கிளாஸ் உள்ளே இருக்கிறது, துண்டில் சுற்றி, மேடையில் காட்டுவதற்கு. எடுத்துவிடத்தான் கையை விட்டேன். ஜிப்பை மூடிவிட்டு வந்துவிட்டேன். காலையில் மலையாண்டி வருவார், ஆணியில் ஒன்றும் இருக்காது. நாங்கள் குடிக்கும் கிளாஸில்தான் ஊற்றி அவர் கையில் கொடுக்கப்போகிறேன். பக்கத்தில் மாமனார் உட்கார்ந்திருப்பார். அவரிடம் என்ன சொல்வது? சீக்கிரம் பதில் போடுங்கள்.