கோ தின் வின் காலமான விஷயம்

யாங்கோன்,
ஆவணி 5

மதிப்பிற்குரிய மச்சான் நல்லையா அவர்களுக்கு அப்பாசாமி எழுதிக்கொண்டது. திருச்சியில் தாங்களும் தங்கள் முழங்கால்களும் சௌக்கியம்தானே? இவ்விடம் தங்கள் தங்கை காளியம்மா நலம். நான் காலமாகி மூன்று வாரம் ஆகிறது. மற்றபடி நானும் நலம்.

காரணம் நீங்கள்தான். பதறாதீர்கள், சொல்கிறேன். நம் காலேஜின் 1957 பந்தாட்ட சீசனுக்குப் பழைய மாணவர்கள் ஒரு மலர் போடுகிறார்கள். மலருக்குப் பொறுப்பு ரிஹான் என்ற கணக்கு வாத்தியார். தமிழில் கேட்டால் பர்மியத்தில் பதில் சொல்லும் தங்கமான மனுஷன். நீங்கள் கேப்டனாக இருந்து எழுதிய ஆட்டப் புத்தகம் அவர் கையில் சிக்கிவிட்டது. வீட்டுக்கு ஒரு தமிழ்ப் பெயர், ரிஜிஸ்டருக்கு ஒரு பர்மியப் பெயர் என்று நாம் திரிந்த காலமல்லவா அது? நான் கோல் போட்ட நாளெல்லாம் நீங்கள் மரியாதைக்குப் பர்மிய 'கோ'வும் சேர்த்து ரிஜிஸ்டர் பெயரைப் போட்டு, 'கோ தின் வின் அபாரம்' என்று எழுதியிருக்கிறீர்கள். சொதப்பிய நாளெல்லாம் வீட்டுப் பெயர்! 'அப்பாசாமி பெனால்டியைக் கோட்டை விட்டான்', 'அப்பாசாமி நம் கோலுக்குள்ளேயே அடித்தான், மடையன்.' கோபம் வந்தால் ரிஜிஸ்டர் மறந்துபோகுமா மச்சான்?

வாத்தியார் கூட்டிப் பார்த்தாராம். தின் வின் ஒன்பது கோல், அப்பாசாமி பூஜ்யம். புத்தகத்தில் பன்னிரண்டு பேர், போட்டோவில் பதினொரு பேர். அப்பாசாமியை எல்லோருக்கும் தெரியும், பன்னிரண்டாவது ஆளான தின் வின்னை யாருக்கும் தெரியவில்லை, ஆகவே செத்திருப்பார் என்று முடிவு கட்டிவிட்டார். கியாக்டடா பேட்டை ஹாலில் கூட்டம் போட்டு எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். யாருக்கென்று தெரியாமல் நானும் ஒரு நிமிஷம் தலைகுனிந்து நின்றேன். பிறகுதான் பெயரைச் சொன்னார்கள். அடுத்த நொடி, "கூட ஆடியவர், இரண்டு வார்த்தை பேசுங்கள்" என்று மைக் என் கைக்கு வந்துவிட்டது. நான்தான் அது என்று சொல்ல வாயெடுத்தால், முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைக்கிறாள். எப்படிச் சொல்வது? கடைசி மேட்சில் முழங்கால் சேற்றில் தின் வின் மூன்று பேரைத் தாண்டிப் போட்ட கோலைச் சொன்னேன். சொல்லி முடித்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில், கூட்டத்துக்குக் கூட வந்திருந்த காளியம்மா கேட்டாள்: "இம்புட்டு நல்லாவா ஆடுனீங்க? எங்க அண்ணன் ஒங்களப் பத்திச் சொன்னது வேற மாதிரில்ல இருந்துச்சு!"

அறுபது வருஷமாக என் மனைவிக்கு நான் பெனால்டியைக் கோட்டை விட்டவன். இது நியாயமா? எனக்கு எண்பத்தேழு வயது. வேறு ஆசை இல்லை, அந்த ஒன்பது கோலும் என் பெயரில் அச்சாக வேண்டும். இருவரும் ஒருவரே என்று கேப்டன் கையெழுத்தோடு இரண்டு வரி இம்மாதத்துக்குள் அனுப்பி வையுங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் டீமில் சேர்த்திருக்காவிட்டால் எனக்குப் பந்தும் இல்லை, காளியம்மாவும் இல்லை.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும், உங்கள் முழங்கால்களுக்கு எங்கள் பிரார்த்தனையும்.

தங்கள் அன்புள்ள,
அப்பாசாமி

பி.கு: உறையை ஒட்டும்போது வாத்தியார் வந்தார். ஆற்றுக்கு அக்கரை டாலாவில் சிறுவர்களுக்குத் தின் வின் நினைவுக் கோப்பையாம். எட்டு டீம் சேர்ந்தாயிற்று, பிள்ளைகள் மழையிலேயே பழகுகிறார்களாம். கோப்பையைக் கொடுக்கப்போவது காளியம்மா. நான் உயிரோடு இருந்தால் நினைவுக் கோப்பை ஏது? ஆகவே மேலே கேட்டதை எழுத வேண்டாம். "ஒங்களுக்கு வருத்தமில்லியே?" என்று அவளே கேட்டாள். கொஞ்சம் இருக்கிறது என்றேன். "நீங்க உசிரோட இருக்கறது எனக்குத் தெரியும்ல. அந்தக் கோலப் போட்டது யாருன்னும் தெரியும். போதாதா?" என்றாள்.

போதும் மச்சான்.