விளக்குமாறு புகாத வளவு

தீவுப்பகுதி முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும், விளக்குமாற்றைத் தன் பரம எதிரியாக நினைத்த மனிதர் ஒருவரைத்தான் கண்டுபிடிக்கலாம். அவர் நாரந்தனை என்ற எங்கள் ஊரில், எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார். பெயர் ஏதோ இருந்திருக்கும். ஊருக்கு அவர் பச்சையர்.

உலக யுத்தத்துக்கு முன்னே மலாயாவில் ரயில் இலாகாவில் இருந்து பென்சன் எடுத்து வந்தவர். அங்கிருந்து வந்த மற்றவர்கள் கல்வீடு கட்டினார்கள், காணி வாங்கினார்கள். இவர் ஈரச் சாக்கில் சுற்றி ஒரு கொடியைக் கொண்டுவந்தார். நிழலில்தான் வளருமாம். தரையோடு தரையாகப் படருமாம். வருஷம் முழுவதும் பச்சை, வருஷம் முழுவதும் ஊதாப் பூ. ஏதோ ஒரு துரையின் பங்களாவில் பார்த்தாராம். வாசலில் நின்ற பெரிய வேம்பின் கீழே அதை நட்டுவிட்டு, இனி வீட்டைச் சுற்றிய இந்த வளவுக்குள் விளக்குமாறு வரக்கூடாது என்று சட்டம் போட்டார்.

எங்கள் ஊரில் இது சின்னச் சட்டம் அல்ல. விடிகிறபோது முற்றம் கூட்டியிருக்க வேண்டும், விளக்குமாற்றின் கோடு மணலில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த வீட்டில் ஆள் இல்லை, அல்லது மூதேவி இருக்கிறாள் என்று அர்த்தம். பச்சையரின் மனைவி சின்னம்மா அக்காவோ முற்றம் கூட்டுவதில் பெயர் எடுத்தவர். கை சும்மா இருக்க மாட்டாமல், விடியற்காலையில் வேலிப்பொட்டு இடைவெளிக்குள்ளால் வந்து எங்கள் முற்றத்தைக் கூட்டிவிட்டுப் போவார். என் அம்மா அதைத் தடுக்க எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

கொடியும் லேசில் வாழவில்லை. வளவுக் கிணறு உவர்; அந்தத் தண்ணீரில் இலை கருகியது. ஆகவே ஊரே குடிக்க அள்ளும் நன்னீர்க் கிணற்றடியில் பச்சையரும் குடத்தோடு நின்றார். குடிக்கவா என்று கேட்டால், ஓம், குடிக்கத்தான் என்பார். யார் குடிக்க என்று சொல்லமாட்டார். மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டினால் இன்னும் வேடிக்கை. கூட்டினால் கொடி அறுந்துவிடுமென்று, மேசை கதிரையில் இருந்து உத்தியோகம் பார்த்த மனிதர் குந்தியிருந்து ஒவ்வொரு சருகாகப் பொறுக்குவார். ஆனால் கொடி படர்ந்துவிட்டது, அதை மனமில்லாமல்தான் ஒப்புக்கொள்கிறேன். ஊரே வெயிலில் காய்ந்து கிடக்க, அந்த வேம்பின் கீழ் மட்டும் பாய் விரித்தமாதிரிப் பச்சையும் ஊதாவும்.

அதில் ஒரு கால் படக்கூடாது. தபால்காரர் வேலியோரமாகச் சுற்றித்தான் வரவேண்டும். நான் ஒருமுறை தவறி மிதித்துவிட்டேன். "தம்பி, காலை எடும். அதுக்கும் உயிர் இருக்கு" என்று அவர் கத்தியது அடுத்த வளவுக்கும் கேட்டது. பாம்பு வந்து படுக்கும் என்று ஊர் அதிகாரி விதானையார் எச்சரித்தார். வந்தால் அதையும் சுற்றிப் போகச் சொல்லுகிறேன் என்றார் பச்சையர்.

இப்படி ஊரைப் பகைத்துக்கொண்டிருந்தவருக்குக் குடலிறக்கம் வந்தது. ஒப்பரேசனுக்காக அவருடைய தம்பியார் அவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சில நாள் கழித்துப் பட்டணத்திலிருந்து ஊர்காவற்றுறையில் வந்திறங்கிய வள்ளக்காரர் செய்தி கொண்டுவந்தார்.

"பச்சையருக்கு எல்லாம் முடிஞ்சுது. நாளைக்குக் கொண்டருவினமாம்."

ஒப்பரேசன் என்ற ஒரு சொல்லை அந்த மனிதர் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. எங்கள் ஊரில் எல்லாம் முடிந்தது என்றால் ஒரே கருத்துத்தான்.

ஊர் பகையை மறந்தது. செத்தவீடு என்றால் முதலில் முற்றத்தைப் புல்பூண்டு இல்லாமல் மண்வெட்டியால் செருக்கி வழித்துப் பந்தல் போட வேண்டும். விதானையார் முன்னே போக, நாங்கள் மண்வெட்டிகளோடு பின்னே போனோம். தபால்காரர் முகத்தில் துக்கத்தைவிட உற்சாகம்தான் கூடுதலாகத் தெரிந்தது. சின்னம்மா அக்கா அழுத கண்ணோடு எழும்பி வந்து வேம்பின் முன்னால் நின்றார்.

"இதில ஒருத்தரும் கால் வைக்கப்படாது."

"பிள்ளை, செருக்காமல் பந்தல் போட ஏலாது. சனம் எங்க இருக்கிறது?" என்றார் விதானையார்.

"ஒழுங்கையில போடுங்கோ."

வளவுக்கு வெளியே, சனம் போய்வரும் ஒழுங்கையில் பந்தல் போட்ட செத்தவீட்டை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அடுத்தநாள் பறைமேளம் முழங்க, மாட்டுவண்டியிலிருந்து பச்சையர் வயிற்றைப் பிடித்தபடி இறங்கினார். மேளம் நின்றது. ஒப்பாரி வைத்த பெண்களில் பாதிப்பேர் ஓடிவிட்டார்கள். அவர் பந்தலைப் பார்த்தார், சாத்தியிருந்த மண்வெட்டிகளைப் பார்த்தார், கழுத்தை நீட்டி வேம்பின் கீழே பார்த்தார். ஓர் இலைகூடக் கெடவில்லை.

நடந்ததை விதானையார் சொல்லக் கேட்டுவிட்டு மனைவியிடம் போனார்.

"நான் செத்திட்டன் எண்டால் பிறகென்ன? செருக்க விட்டிருக்கலாமே. உமக்கும் முற்றம் கூட்டுற ஆசைதானே."

சின்னம்மா அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"அவையள் அதை மிதிக்க, நீங்கள் கத்தாமல் கிடக்கிறதை நான் பாக்கோணுமே?"

பச்சையர் மெல்ல மனைவிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த மனிதர்தான். அவர் உயிரோடு திரும்பி வந்ததில் எனக்கிருந்த சந்தோஷத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல், வேலிப்பக்கம் திரும்பி நின்றேன்.