அரம் ஓடும் சத்தம்

இந்த ஞாயிற்றுக்கிழமை தூங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். சாதாரணத் தூக்கம் இல்லை. காலைச் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்து, மதியம் யாராவது கதவைத் தட்டுகிற வரைக்கும், அடித்துப் போட்டாற்போல ஒரு தூக்கம்.

குறுக்கே நின்றது ஒரு சுவர். படுக்கையறைச் சுவர். அதற்கு வெளிர்நீலம் அடிக்க வேண்டும் என்று என் மனைவி பெயிண்ட் வாங்கி வைத்து மாசக்கணக்காகிறது. டப்பாவின் மேல் துணி விரித்து அலாரம் கடிகாரம் வைக்கும் அளவுக்கு அது பழகிவிட்டது. அதாவது, எனக்குப் பழகிவிட்டது.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை சுவர்."

"ஞாயித்துக்கிழமையா? ஐயோ, பேஸ் கிட்டார் இருக்கே!"

"அது இன்னுமா முடியல?"

"முடியறதாவது! இப்பதான் தொட்டிருக்கேன். தாடிக்காரர் மதியம் வந்து நிப்பார். சாயங்காலம் அவருக்கு மேடை."

"அப்ப சரி. வேலைதானே முக்கியம்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

நான் கிட்டார் ரிப்பேர் பார்ப்பவன். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கிட்டார் கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்த உலோகப் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். பிரெட் என்பார்கள். கம்பியை அதன்மேல் அழுத்தி அழுத்தி வாசித்தால் பட்டையில் பள்ளம் விழும். அப்புறம் தேன் மாதிரி வர வேண்டிய சுரம் தேனீ மாதிரி வரும். பேஸ் கிட்டாரில் கம்பி தடிமன் என்பதால் தேனீயும் தடிமன். வைத்தியம் இதுதான்: எல்லாப் பட்டையின் தலையிலும் கறுப்பு மார்க்கரால் மை பூச வேண்டும். தட்டை அரத்தை நீளவாக்கில் ஓட்ட வேண்டும். மேட்டில் மை போகும், பள்ளத்தில் நிற்கும். மொத்த மையும் போகிறவரை ஓட்டினால் எல்லாப் பட்டையும் ஒரே மட்டம். பிறகு பட்டைகளின் தலையை வளைவாக்கி மெருகு போட வேண்டியதுதான்.

"மை போனாத்தான் வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்" என்று வருகிற வாடிக்கையாளர்களிடம் ஒருத்தர் விடாமல் சொல்வேன். டீ கொண்டுவந்து வைக்கும் மனைவியின் காதிலும் அது விழுமே என்று யோசித்ததே இல்லை.

உங்களிடம் மறைப்பானேன்? தாடிக்காரரின் பேஸை வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டேன். பட்டையெல்லாம் பளபள. அவர் கொண்டுவரும் புதுக் கம்பியை மாட்ட வேண்டியதுதான் பாக்கி. பெட்டியில் படுக்க வைத்து மூடியாயிற்று. அதோடு, அரம் ஓட்டும்போதே அந்தச் சத்தத்தைக் காதும் காதும் வைத்த மாதிரி போனில் பதிவும் செய்து வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை பட்டறைக் கதவைத் தாழ் போட்டேன். போனை மேஜைமேல் வைத்து, திரும்பத் திரும்ப ஓடும்படி தட்டிவிட்டேன். கர்ர்... கர்ர்... என்ன உழைப்பு! கேட்கக் கேட்க எனக்கே என்மேல் மரியாதை வந்தது. பேஸ் பெட்டிக்குள் தூங்கியது. நான் சோபாவில்.

"என்னங்க, டீ!"

வாரிச் சுருட்டி எழுந்தேன். போனை அமுக்கினேன். அரத்தைக் கையில் எடுத்தேன். கதவைத் திறந்தேன்.

"கன்னத்துல என்ன கோடு?"

"அரம் பட்டுடுச்சு."

"கன்னத்துலயா?"

"குனிஞ்சு மட்டம் பார்ப்போம்ல."

"ஓ. மை எவ்வளவு போயிருக்கு?"

"பாதி போயிடுச்சு. மீதிதான் அடம் பிடிக்குது."

"பாவம். தும்மல் வேற விடாம வருது உங்களுக்கு."

"தும்மலா?"

"ஆமா. கொஞ்ச நேரம் அரம், ஒரு தும்மல். மறுபடி அரம், மறுபடி தும்மல். எல்லாம் ஒரே மாதிரி தும்மல்."

"தூசி" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் விட்ட இடத்திலிருந்து தூக்கத்தைத் தொடர்ந்தேன்.

மதியம் தாடிக்காரர் கம்பியோடு வந்தார். பின்னாலேயே மனைவி அவருக்கு டீயோடு வந்தாள்.

"முடிஞ்சுதாண்ணே?"

"இப்பதான் முடிச்சேன். கண்ணாடி மாதிரி இருக்கு, பாருங்க!" பெட்டியின் மூடியை ஒரு வீச்சில் திறந்தேன்.

அத்தனை பட்டையும் கன்னங்கரேல். முதல் பட்டையிலிருந்து கடைசிப் பட்டை வரை மை. சுற்றியுள்ள மரத்தில் ஒரு சொட்டு பட்டிருக்க வேண்டுமே! நான்கூட அவ்வளவு சுத்தமாகப் பூசியதில்லை.

"அண்ணே, மை அப்படியே இருக்கே! சாயங்காலம் மேடைண்ணே!" தாடிக்காரர் குரல் உடைந்தது.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் டீ கிளாஸைப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து அரம் ஓட்டிட்டே இருந்தாரே தம்பி, தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு" என்றாள். "ஒரு புள்ளி மைகூடப் போகலையா? அதிசயமா இருக்கே!"

அசடு வழிய ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தேன். பட்டைகள் மின்னின. கம்பியை மாட்டிக் கொடுத்தேன். தாடிக்காரர் பயந்து பயந்து ஒரு சுரம் தட்டினார். தேனீ இல்லை. அடுத்தது தட்டினார். சுத்தமான, கனமான சுரம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு வெட்கம்கூட மறந்துபோனது.

"துடைச்சே சரி பண்ணிட்டீங்களேண்ணே! மந்திரவாதிண்ணே நீங்க!" என்று அவர் சந்தோஷமாகப் போனார்.

"எப்ப பூசினே?" என்றேன்.

"நேத்து நீங்க கடைக்குப் போனப்ப. பெட்டியத் திறந்தா பளபளன்னு இருக்கு. நீங்க என்னடான்னா முடியலங்கறீங்க. என் புருஷன் பொய்யன் ஆயிடக் கூடாதேன்னு நான்தான் மை பூசி வெச்சேன்."

"நான் ஒரு தடவை திறந்து பார்த்திருந்தா?"

"வேலை செஞ்சிருந்தா திறந்திருப்பீங்க."

கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பிரஷ்ஷை என் கையில் கொடுத்தாள்.

வெளிர்நீலம், சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. என் வழுக்கையிலும் கொஞ்சம் நன்றாக இருந்தது. பாதிச் சுவரில் தோள்பட்டை கழன்றது. ஸ்டூல் வேறு ஆடியது. பிடித்துக்கொள்ள அவளைக் கூப்பிட்டேன். முன்னறைப் பக்கமிருந்து சத்தம் மட்டும் வந்தது.

கர்ர்... கர்ர்...

இறங்கிப் போனேன். பட்டறைக் கதவு உள்ளே தாழ். உள்ளேயிருந்து நான் தும்மினேன்.

"ஏம்மா, உள்ள என்ன பண்றே?"

"தொந்தரவு பண்ணாதீங்க" என்றது ஒரு தூக்கக் குரல். "அவசர வேலை. பாதி மைதான் போயிருக்கு."